தொட்டுப் பார்க்காத துணி

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, நீதிபதி ஐயா. முதுகைச் சாய்த்து உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. தறிக்காரன் வீட்டில் தறிக்கு முன்னால் ஒரு பலகை இருக்கும், சாப்பிட ஒரு பெஞ்சு இருக்கும், அவ்வளவுதான். கைதியை உட்காரச் சொன்னது உங்கள் பெருந்தன்மை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். உங்கள் எழுத்தரை மட்டும் கொஞ்சம் பொறுமையாக எழுதச் சொல்லுங்கள். நான் கோபக்காரன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய். எங்கள் நெசவாளர் பேட்டை ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் முழுக்க விசாரித்துப் பாருங்கள். அம்ப்ரோஸ் தெர்க்கல் குரலை உயர்த்திப் பேசிக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

பட்டும் கம்பளியும் கலந்து நெய்கிறவன் நான். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு மாடியிலும் தறி உண்டு, ஜன்னலில் ஒரு கூண்டுக் குருவி உண்டு. தறிச் சத்தம் கேட்டால் அது விடாமல் பாடும். தறி நின்ற வருஷம் குருவிகளும் வாயை மூடிக்கொண்டன. பிறகு ஒவ்வொருவராகக் குருவியை விற்றோம்.

தறி ஏன் நின்றது என்று லண்டனில் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் எழுதட்டும். சீட்டித் துணியால் நின்றது. கடலுக்கு அப்பால் மெட்ராஸ் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. பருத்தியில் நெய்து, பூவும் கொடியும் எழுதி, எத்தனை முறை துவைத்தாலும் சாயம் போகாத துணி. விலையோ அடிமாட்டு விலை. சீமாட்டி உடுத்தினாள், அவள் வீட்டு வேலைக்காரி உடுத்தினாள், சந்தையில் மீன் விற்கிறவளும் உடுத்தினாள். அதை அங்கே யார் நெய்கிறார்கள், அவர்கள் மூன்று வேளை சாப்பிடுகிறார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. என் வீட்டில் ரொட்டி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் கடைசிப் பையன் ஆபெல் அந்தக் குளிர்காலத்தில் போய்விட்டான். இருமல் என்று வைத்தியர் சொன்னார். பசியில் கிடக்கும் குழந்தைக்கு என்ன வந்தாலும் அதற்கு நாகரிகமாக ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். என் மனைவி தபிதா அழுது ஓய்ந்த பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள்.

"ஏங்க, இந்தத் தறிய வித்துட்டு வேற ஏதாச்சும் பாத்தா என்ன? மூட்டை தூக்குனாக்கூட சோறு கிடைக்குமே."

எனக்குத் தெரிந்தது துணி ஒன்றுதான். மூத்தவள் கெசியாவை சீப்சைடு கடைத்தெருவில் ஒரு கையுறை வியாபாரி வீட்டில் வேலைக்கு விட்டோம். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. வீட்டில் ஒரு வாய் குறைந்ததே என்று நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பாகவும் இருந்தது.

பிறகு சட்டம் வந்தது. நாங்கள் கூட்டம் கூட்டமாக நாடாளுமன்ற வாசலில் போய் நின்று, அடி வாங்கி, கெஞ்சி வாங்கிய சட்டம். இனி யாரும் சீட்டி உடுத்தக் கூடாது. உடுத்தினால் அபராதம், கட்ட முடியாவிட்டால் சிறை. நம் நாட்டுத் தொழிலைக் காப்பதற்கும் ஏழைகளுக்கு வேலை கொடுப்பதற்கும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. மதுக்கடையில் ஒருவன் அதை உரக்கப் படித்தான். நான் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஏழைகள் என்ற இடம் வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. நம்மைப் பற்றி யாரோ பெரிய மனிதர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே என்று.

ஆனால் சட்டத்தை நடத்துவதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆளிச் செடியின் நாரில் நம் ஊரில் நெய்து நம் ஊர்ப் பட்டறையில் பூ அச்சடித்த லினன் என்று ஒன்று உண்டு அல்லவா, அதை உடுத்தலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. சீட்டியையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதே பூ, அதே சிவப்பு. கான்ஸ்டபிள்கள் திண்டாடிப் போனார்கள். லினன் உடுத்தியவளைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் எஜமானியிடம் வசவு வாங்கினார்கள். அதனால் துணி தெரிந்த ஒருவன் கூடவே போக வேண்டும் என்று முடிவாயிற்று. நெசவாளர்கள் என் பெயரைச் சொன்னார்கள்.

விரலில் வைத்தால் எனக்குத் தெரியும். லினன் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், பருத்தி வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து ஒரு கசக்குக் கசக்கினால் போதும். எங்கள் கெசியாவுக்கும் இது தெரியும். சின்ன வயதில் கண்ணைக் கட்டிக்கொண்டு துண்டு துண்டாகத் தொட்டுச் சொல்வாள், ஒன்றுகூடத் தப்பாது.

கான்ஸ்டபிள் ஓட்லி தெருவில் பெண்களை நிறுத்துவார். நான் குனிந்து பாவாடை ஓரத்தைப் பிடித்துப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்வேன். லினன் என்றால் அவள் போகலாம். சீட்டி என்றால் அவள் எங்களோடு வர வேண்டும். முதல் நாள் ஒரு சிப்பிக்காரி, மார்ஜரி என்று பெயர். கூடையில் சிப்பி வைத்துத் தெருத் தெருவாக விற்கிறவள்.

நான் அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியைப் பிடித்ததும், "அய்யய்ய, என் புருஷனே தொட்டு வருஷக் கணக்காச்சு. நீ என்னய்யா நடுத்தெருவுல தொடுற?" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஓட்லியும் சிரித்துவிட்டார்.

"சீட்டி" என்றேன்.

"யோவ், இது கந்தல்யா. ஒரு வீட்டம்மா தரை துடைக்க வச்சிருந்தத எனக்குக் குடுத்தா. கந்தலுக்குமா சட்டம்?"

கந்தலுக்குச் சட்டம் உண்டா என்று ஓட்லி என்னைப் பார்த்தார். நான் துணியின் பெயரைச் சொல்ல வந்தவன், வயதைச் சொல்ல வந்தவன் இல்லை. அபராதம் கட்ட அவளிடம் என்ன இருக்கப் போகிறது? சிறைக்குப் போனாள். அங்கே காய்ச்சல் வந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவள் கூடை கொஞ்ச நாள் எங்கள் தெரு முனையிலேயே கிடந்தது. நான் பேசியது ஒரே ஒரு சொல், ஐயா. அதுவும் உண்மையான சொல்.

அப்படிப் பிடிபட்டவர்கள் எல்லாரும் மார்ஜரியைப் போன்றவர்கள்தான். சீமாட்டிகள் வண்டியில் போனார்கள். வண்டிக்குள் கையை விட ஓட்லிக்குத் தைரியம் இல்லை, எனக்கு உரிமை இல்லை. ஒரு முறை வண்டி ஜன்னல் வழியாகச் சீட்டியின் ஓரம் வெளியே தொங்கியது. நாங்கள் இருவரும் பார்த்தோம். ஓட்லி தொப்பியைக் கழற்றி வணங்கினார். நானும் கழற்றினேன். வேறு என்ன செய்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு வேலை வந்திருக்க வேண்டும். வரவில்லை. சீட்டியை விட்ட பெண்கள் எங்கள் பட்டுக்கும் கம்பளிக்கும் திரும்பி வருவார்கள் என்று நினைத்தோம். அவர்கள் நேராகப் பூப்போட்ட லினனுக்குப் போய்விட்டார்கள். என் தறியில் சிலந்தி வலை கட்டியது. அதைத் துடைத்து எடுக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. தபிதா தினமும் அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போவாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

அப்போதுதான் ஒபதியா பெக் திராவகத்தைக் கொண்டுவந்தான். எனக்கு எதிர்வீட்டுக்காரன், அவனும் தறிக்காரன், வாய் நீளம். சிவப்புச் சாயம் ஏற்றுகிறவர்கள் பட்டறையில் வைத்திருக்கும் திராவகம். ஒரு சொட்டு விழுந்தால் துணி புகைந்து ஓட்டையாகிவிடும்.

"கான்ஸ்டபிளு பிடிச்சு, வழக்கு நடந்து, தீர்ப்பு வர்றதுக்குள்ள நம்ம பிள்ளைங்கள்லாம் புதைகுழிக்குப் போயிரும் அண்ணே. இது ஒரு நிமிஷ வேலை" என்றான்.

"சட்டம் இருக்கும்போது இது எதுக்கு?"

"சட்டத்துக்குத்தான் அண்ணே இதுவும். அதோட கைய நாம கொஞ்சம் நீட்டி விடுறோம்."

முதலில் பெக்கும் அவன் கூட்டாளிகளும் கொடியில் காயும் துணிகளில் ஊற்றினார்கள். அதில் யாருக்கு என்ன வலி? பிறகு ஒரு விடுதி வேலைக்காரியின் பாவாடையில். நான் கூட இருந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஏன் இருந்தேன் என்பதையும் கேளுங்கள். நான் இல்லாவிட்டால் அவர்கள் லினனிலும் ஊற்றியிருப்பார்கள். நான் தொட்டுச் சொன்னேன், பெக் ஊற்றினான். பாவாடையில்தான் விழுந்தது, கணுக்காலில் கொஞ்சம் பட்டுவிட்டது. அந்தப் பெண் இன்னும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறாள், ஆனால் நடக்கிறாள். நான் இருந்தவரை ஒரு லினனுக்கும் சேதம் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. தெர்க்கல் விரல் பொய் சொல்லாது என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். தறி நின்று, பிள்ளையைப் புதைத்து, மனைவி முகம் பார்க்காமல் போகிற ஒரு மனிதனுக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

இப்போது கெசியாவைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் மதுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பெக் உள்ளே வந்தான். எல்லாருக்கும் கேட்கும்படி பேசினான்.

"அம்ப்ரோஸ் அண்ணே, சீப்சைடு பக்கம் போயிருந்தேன். ஒங்க பொண்ணப் பாத்தேன். ஒரு தோட்டத்தையே எடுத்து உடம்புல சுத்திக்கிட்டில்ல போறா."

"லினனா இருக்கும்" என்றேன்.

"இருக்கும் இருக்கும். ஊராவூட்டுப் பொண்ணு உடுத்துனா சீட்டி, நம்ம வீட்டுப் பொண்ணு உடுத்துனா லினன். விரலுக்கு ஆள் தெரியும்போல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எனக்கு எதிரே இருந்தவன் தன் குவளையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனான். மறுநாள் தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்த்தும் பாராமல் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை.

தபிதாவிடம் சொன்னேன். அவள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"ஒங்க பொண்ணுங்க அவ. அப்பன் என்ன வேல பாக்குறாருன்னு அவளுக்குத் தெரியாதா? சீட்டி எடுப்பாளா? அவ்ளோ சந்தேகமா இருந்தா சீப்சைடு என்ன கடலுக்கு அந்தப் பக்கமா இருக்கு? ஒரு நடை போயித் தொட்டுப் பாத்துட்டு வாங்க."

போயிருக்கலாம். அரை மணி நேர நடை. நீங்களும் இதையே கேட்பீர்கள், ஏன் போகவில்லை என்று. நான் இரண்டு நாள் யோசித்தேன், ஐயா. போய்த் தொட்டுப் பார்த்து அது சீட்டியாக இருந்தால் ஒரு வழி உண்டு. அவளைக் கண்டித்து, துணியை வாங்கி, எல்லார் எதிரிலும் கொளுத்திவிடலாம். லினனாக இருந்தால்? திரும்பி வந்து லினன் என்று சொன்னால் எவன் நம்புவான்? அப்பன் வேறு என்ன சொல்வான் என்பார்கள். அதோடு போகாது. அப்படியென்றால் இதுவரை இவன் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்பார்கள். மார்ஜரி கேட்பாள், விடுதி வேலைக்காரி கேட்பாள், உங்களைப் போன்றவர்கள் கேட்பீர்கள். என் சொல்லை நம்பித்தான் சட்டம் எங்கள் தெருக்களில் நடந்துகொண்டிருந்தது. என் சொல் போனால் சட்டம் போகும். சட்டம் போனால் அந்த ஏழைகள் என்ன ஆவார்கள்? ஆக, சீட்டி என்றால் நான் பிழைத்தேன், லினன் என்றால் ஊரே கெட்டது. அதனால் அந்தத் துணியை நான் தொடவே கூடாது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஈஸ்டர் திங்கட்கிழமை. எங்கள் பக்கத்தில் ஈஸ்டருக்கு ஏதாவது ஒன்று புதிதாக உடுத்துவது வழக்கம். உடுத்தாவிட்டால் காக்கை தலையில் எச்சமிடும் என்று குழந்தைகளைப் பயமுறுத்துவார்கள். அன்று எல்லாரும் வெளியே இருந்தார்கள். கட்டி முடியாத புதுத் தேவாலயத்தின் கற்கள்மேல் பெக்கும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நானும் இருந்தேன். கெசியாவுக்கு அன்று விடுமுறை, அம்மாவைப் பார்க்க வருவாள் என்று எனக்குத் தெரியும்.

கான்ஸ்டபிளிடம் நான் சொன்னதை நீங்கள் படித்திருப்பீர்கள். வெயில் கண்ணில் அடித்தது, முக்காடு போட்டிருந்தாள், யாரென்று தெரியவில்லை, பெக் கையில் புட்டியைத் திணித்தான், தவறுதலாக வீசிவிட்டேன். இதுதான் நான் சொன்னது. இதைக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

புட்டி என்னுடையது. சனிக்கிழமை சாயப்பட்டறைக்கு நானே போய்க் கேட்டு வாங்கினேன். கறை எடுக்க என்றேன். பட்டறைக்காரர் தெரிந்தவர், பத்திரம் என்று சொல்லி மரமூடி போட்டுக் கொடுத்தார். பெக்மேல் பழி போட்டது சரியில்லை. அவன் அன்று கல்மேல் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

வெயிலும் இல்லை. மேகமூட்டமாக இருந்தது.

முக்காடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். போட்டிருந்தாள், ஆனால் என்னைப் பார்த்ததும் பின்னால் தள்ளிவிட்டுவிட்டாள். தூரத்திலிருந்தே சிரித்தாள். கையில் ஒரு சின்னக் கூடை இருந்தது, முட்டைகள். எஜமானியம்மா கொடுத்திருக்கிறாள். உடை அவளுக்கு அழகாக இருந்தது. வெள்ளைத் துணியில் சிவப்புப் பூ, பச்சைக் கொடி. ஒரு வருஷம் சேர்த்து வைத்து வாங்கியிருப்பாள் என்று தோன்றியது. என் பெண் எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்றும் தோன்றியது. அந்த நிமிஷத்தில் எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம் வந்தது. இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனென்றால் எனக்கு மகள்மேல் பாசம் இல்லை என்று பேசிக்கொள்கிறார்களாம்.

பெக் பழத்தோலைக் கீழே போட்டுவிட்டு, "வந்துட்டா பாரு தோட்டக்காரி. அண்ணே, போயித் தொட்டுப் பாருங்க. என்ன சொல்றீங்கன்னு கேக்கத்தான் நாங்கல்லாம் உக்காந்திருக்கோம்" என்றான்.

நான் எழுந்து போனேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி வைத்தியர் சொன்னதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம், தபிதா சொல்லிவிட்டாள். ஒரு கண் போய்விட்டது. இன்னொரு கண்ணில் வெளிச்சம் தெரிகிறதாம், உருவம் தெரியாது. கன்னமும் கழுத்தும் வலது கையும் வெந்துவிட்டன. கையுறைக்காரர் வீட்டில் இனி அவளை வைத்துக்கொள்ள மாட்டார்கள். யார் வைத்துக்கொள்வார்கள்? தபிதா என்னைப் பார்க்கச் சிறைக்கு வந்தாள். ஒரு ரொட்டியை வைத்துவிட்டு இதை மட்டும் சொன்னாள்: "தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லுங்க. அவளும் அப்படித்தான் சொல்லிருக்கா. நீங்க வீட்டுக்கு வந்தாத்தான் அவளுக்குக் கஞ்சி. நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?" அழக்கூட இல்லை.

கெசியா உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, நான் எதுவும் பேசவில்லை, திராவகம் வருவதைப் பார்த்து முகத்தை மறைக்கக் கையை உயர்த்தினேன், அது ஒரு விபத்து. நானும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டால் இன்று மாலையே வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். நீங்கள் நல்லவர், ஐயா. தபிதா வாசலில் நிற்கிறாள், எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிகிறது.

ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு சொல் இருக்கிறது. துணியைத் தவறாகக் கணித்து என்று. லினனைச் சீட்டி என்று நினைத்து. அதில் நான் கையெழுத்துப் போட முடியாது. அதைப் போட்டால் தெர்க்கல் தவறு செய்வான் என்று ஆகிவிடும். பிறகு இதுவரை பிடித்த ஒவ்வொருத்தியும் வந்து நிற்பாள், என்னுடையதும் லினன்தான், இவன்தான் தப்பாகச் சொன்னான் என்று. சட்டம் சந்தி சிரித்துப் போகும். வேண்டாம். அந்தச் சொல்லை அடிக்கச் சொல்லுங்கள்.

கெசியா பொய் சொல்லியிருக்கிறாள். என் மேலிருக்கும் பாசத்தில் சொல்லியிருக்கிறாள், அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். நடந்தது இதுதான். நான் அவளிடம் போனபோது அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு கல்மேல் இருந்தவர்களைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, கெட்டிக்காரி.

"அப்பா, லினன்தாம்ப்பா" என்றாள். "தொட்டுப் பாருங்க."

கூடையைக் கீழே வைத்தாள். ஒரு முட்டைகூட உடையாமல் மெதுவாக வைத்தாள். நம் ஊரில் அச்சடித்த லினனின் நுனியில் வரி வசூலிக்கிறவர்கள் முத்திரை குத்துவார்கள் அல்லவா, தைக்கும்போது அதை எல்லாரும் வெட்டி எறிந்துவிடுவார்கள். இவள் எறியாமல் வைத்திருந்தாள். பைக்குள்ளிருந்து அந்தத் துண்டை எடுத்து எனக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அவள் கை மேலே இருந்ததற்குக் காரணம் அதுதான். முகத்தை மறைப்பதற்கு அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்பனிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

"இங்க பாருங்கப்பா, முத்திரை. ஒங்களுக்காகத்தான் வச்சிருந்தேன். லினன்தாம்ப்பா."

இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் எனக்கு நன்றாகக் கேட்டது. முத்திரையும் தெரிந்தது. மூடியைத் திறப்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, இறுக்கமாக இருந்தது. அந்த நேரம் முழுக்க அவள் அந்தத் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

இதை இப்படியே எழுதிக்கொடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. அவளைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். அது லினன்தான் என்று அப்பா நீதிபதி முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சொல்லுங்கள். கேட்டால் சந்தோஷப்படுவாள், துணி விஷயத்தில் தான் சொன்னது சரியென்று நான் சொன்னால் அவளுக்கு எப்போதுமே ரொம்பப் பிடிக்கும்.